சத்திரத்தானும் காப்பீட்டு அட்டையும்



வாரந்தோறும் ஒரு வேதபகுதியை எடுத்துத் தியானிப்பது நம் வழக்கம். இந்த வாரமும் அப்படியே செய்யப்போகிறேன். ஆனால் அதற்குமுன், சில மாதங்களாக என் மனத்தில் பாரமாக இருக்கும் ஒரு காரியத்தை உங்கள்முன் வைக்க விரும்புகிறேன். அது ஓர் அட்டையைப் பற்றியது. உங்களில் பலருடைய வீட்டு பீரோவில், குடும்ப அட்டையோடும் ஞானஸ்நானச் சான்றிதழோடும் ஒரே பிளாஸ்டிக் உறைக்குள் அதுவும் இருக்கும். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தின் அட்டையைத்தான் சொல்லுகிறேன்.

நம் சபையில் ஒரு சகோதரர் இருக்கிறார். கட்டடங்களுக்கு வர்ணம் பூசும் தொழிலாளி. தம்மைப் பற்றிப் பெயர் சொல்லாமல் எழுதும்படி அவரே எனக்கு அனுமதி தந்தார். ஒரு நாள் சாரத்தின்மேல் நின்று வேலை செய்துகொண்டிருந்தபோது அவருக்கு நெஞ்சுவலி வந்தது. பரிசோதித்த மருத்துவர், இருதய இரத்தக்குழாய்களில் மூன்று இடங்களில் அடைப்பு இருப்பதாகவும், அறுவை சிகிச்சை தேவை என்றும் சொன்னார். நான் அவர்கள் வீட்டுக்குப் போனேன். அவருடைய மனைவி அந்த அட்டையை என் கையில் கொடுத்து, "இது செல்லுமா ஐயா?" என்று கேட்டார். "செல்லும் அம்மா, கவலைப்படாதீர்கள், கர்த்தர் வழியைத் திறப்பார்" என்று சொன்னேன். ஜெபித்தேன். வீட்டுக்கு வந்துவிட்டேன்.

அதன்பின் நடந்ததை நான் பின்னாளில்தான் அறிந்தேன். முதலில் அவர்கள் போன தனியார் மருத்துவமனையின் வாசலில் திட்டத்தின் பலகை பெரிதாக இருந்தது. உள்ளே விசாரித்தபோது, அந்த மருத்துவமனை எலும்பு முறிவுச் சிகிச்சைக்கு மட்டுமே திட்டத்தில் சேர்ந்திருப்பதாகச் சொன்னார்கள். இரண்டாவது மருத்துவமனையில், திட்டத்திற்கான படுக்கைகள் நிறைந்துவிட்டன, அடுத்த வாரம் வாருங்கள் என்றார்கள். அடுத்த வாரம் போனபோதும் அதே பதில். மூன்றாவது இடத்தில் சேர்த்துக்கொள்ளச் சம்மதித்தார்கள். ஆனால் அட்டைக்கு மேலாக அறுபதாயிரம் ரூபாய் கட்ட வேண்டும் என்றார்கள். போக்குவரத்துக்கும் பரிசோதனைகளுக்குமே அந்தச் சகோதரி தம் கம்மலை அடகு வைத்திருந்தார். இப்படி 47 நாட்கள் கழிந்தன. அந்த நாட்களுக்குள் அவருக்கு இரண்டாவது முறை மாரடைப்பு வந்தது. இறுதியில், அரசு மருத்துவமனையில் செவிலியராகப் பணிபுரியும் நம் சபைப் பெண் ஒருவர் தற்செயலாக இதைக் கேள்விப்பட்டு, மதுரையிலுள்ள அரசு மருத்துவமனைக்கு அவர்களைக் கூட்டிச் சென்றார். அதே அட்டையின்கீழ், ஒரு ரூபாய் செலவில்லாமல் சிகிச்சை நடந்தது. தேவனுக்கு ஸ்தோத்திரம். ஆனால் அவருடைய இருதயம் பலவீனப்பட்டுவிட்டது. இனி அவரால் சாரம் ஏற முடியாது.

அவரைப் பார்க்க நான் போயிருந்தபோது, அந்தச் சகோதரி என்னைக் குறைசொல்லவில்லை. ஒரே ஒரு வாக்கியம்தான் சொன்னார்: "கார்டு இருந்தது ஐயா, கூட வந்து கேட்கத்தான் ஆள் இல்லை."

அன்பானவர்களே, அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. யோவான் எழுதிய சுவிசேஷத்தின் ஐந்தாம் அதிகாரம் நினைவுக்கு வந்தது. பெதஸ்தா குளத்தருகே முப்பத்தெட்டு ஆண்டுகள் வியாதியாய்க் கிடந்த மனிதனை நீங்கள் அறிவீர்கள். குளம் அவன் கண்ணெதிரே இருந்தது. தண்ணீர் கலங்குவதும் அவனுக்குத் தெரிந்தது. அவனுக்கு இல்லாதது, அவனைத் தூக்கிக் கொண்டுபோய் இறக்கிவிடும் ஒரு மனிதன். அந்தச் சகோதரி சொன்னதும் அதுவே. நான் அந்த வீட்டில் ஜெபித்தது சரி. ஜெபித்துவிட்டுத் திரும்பி வந்ததுதான் தவறு. பசித்தவனை வெறும் வாழ்த்துச் சொல்லி அனுப்பிவிடுவதைக் குறித்து யாக்கோபு எழுதியதை எத்தனையோ முறை பிரசங்கித்த நான், அதையே செய்திருக்கிறேன்.

இந்தத் திட்டத்தைப் பற்றி நாம் தெளிவாக அறிந்திருப்பது நல்லது. 2009-ஆம் ஆண்டு கலைஞர் காப்பீட்டுத் திட்டம் என்ற பெயரில் இது தொடங்கியது. 2012 ஜனவரியில் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டமாக மாற்றியமைக்கப்பட்டது. 2018-இல் மத்திய அரசின் ஆயுஷ்மான் பாரத் திட்டத்தோடு இணைக்கப்பட்டது. ஆட்சிகள் மாறின, பெயர் மாறியது, திட்டம் நின்றுவிடவில்லை. இன்று ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்கு மிகாத குடும்பங்கள் இதில் சேரலாம். ஒரு குடும்பத்திற்கு ஆண்டுக்கு ஐந்து லட்சம் ரூபாய் வரை, ஆயிரத்துக்கும் மேற்பட்ட சிகிச்சை முறைகளுக்குப் பாதுகாப்பு உண்டு. முகாம்களில் வாழும் இலங்கைத் தமிழர்களும் இதில் சேர்க்கப்பட்டிருக்கிறார்கள். ஏழைக்கு இவ்வளவு பெரிய வாக்கை நம் பாட்டன் காலத்தில் யாரும் கொடுத்ததில்லை. இதற்காக நாம் நன்றியுள்ளவர்களாய் இருக்க வேண்டும்.

ஆனால் ஒரு வாக்கு நிறைவேற வேண்டுமானால், அதை ஏற்றுக்கொள்ளும் ஒருவரும் வேண்டும். இங்கேதான் நல்ல சமாரியனின் உவமையை மீண்டும் வாசிக்கும்படி உங்களை அழைக்கிறேன். அந்த உவமையில் நாம் ஆசாரியனைப் பற்றிப் பேசுவோம், லேவியனைப் பற்றிப் பேசுவோம், சமாரியனைப் புகழுவோம். சத்திரத்தானைப் பற்றி எவரும் பேசுவதில்லை. சமாரியன் அவனிடம் கொடுத்தது இரண்டு வெள்ளிக்காசு மாத்திரமே. மிச்சச் செலவுக்கு அவன் கொடுத்தது ஒரு வாக்கு. திரும்பி வரும்போது தந்துவிடுவதாகச் சொல்லிப் போனான். முன்பின் அறியாத அந்நியன் ஒருவனின் சொல்லை நம்பி, காயப்பட்ட மனிதனைத் தன் வீட்டுக்குள் வைத்துக்கொண்டான் சத்திரத்தான். அவன் மறுத்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? சமாரியனின் எண்ணெயும் திராட்சரசமும் கழுதையும் வழியிலேயே பயனற்றுப் போயிருக்கும்.

காப்பீட்டு அட்டை என்பது சமாரியனின் வாக்கைப் போன்றது. அதை ஏற்கும் மருத்துவமனையே சத்திரம். காயப்பட்டவனைத் தூக்கி ஏற்றிச் சத்திரம்வரை நடத்திச் செல்லும் வாகனம் நம் காலத்தில் எது? அது சபையாக இருக்க வேண்டும் என்பதே என் தாழ்மையான எண்ணம்.

கதவை மூடும் மருத்துவமனைகளின் பக்கத்தையும் நியாயமாகக் கேட்க வேண்டும். இத்திட்டத்தில் ஒவ்வொரு சிகிச்சைக்கும் ஒரு தொகை முன்கூட்டியே நிர்ணயிக்கப்பட்டிருக்கிறது. அறுவை சிகிச்சை, மருந்து, படுக்கை, உணவு யாவும் அதற்குள் அடங்க வேண்டும். அந்தத் தொகை தங்கள் செலவுக்குப் போதவில்லை என்றும், அதுவும் தாமதமாக வந்து சேருகிறது என்றும் தனியார் மருத்துவமனைகள் நெடுங்காலமாகச் சொல்லிவருகின்றன. சிறிய ஊரில் கடன் வாங்கி மருத்துவமனை கட்டிய ஒரு மருத்துவருக்கு இது உண்மையான நெருக்கடிதான். அரசு இந்தத் தொகையைக் காலத்துக்கேற்றபடி திருத்துவதும் தாமதமின்றி வழங்குவதும் கடமை. வாக்குக் கொடுத்த சமாரியன் திரும்பி வராமற்போனால், அடுத்த முறை சத்திரத்தான் கதவைத் திறக்கத் தயங்குவான் அல்லவா?

இது நம் நாட்டுக்கு மாத்திரம் உரிய துன்பமும் அன்று. அமெரிக்காவில் ஏழைகளுக்காக 1965-ஆம் ஆண்டு மெடிக்கெய்ட் என்னும் அரசுக் காப்பீடு ஏற்படுத்தப்பட்டது. செல்வம் மிகுந்த அந்த நாட்டிலும், அந்த அட்டையோடு வருகிறவர்களைப் புதிதாக ஏற்றுக்கொள்ளாத மருத்துவர்கள் பலர் உண்டு. காரணமும் இதுவே: தனியார் காப்பீடு தருவதைவிட அது தரும் தொகை குறைவு. அட்டையைக் கொடுப்பது அரசுக்கு இயலும். கதவைத் திறக்கும் மனத்தைச் சட்டத்தால் மட்டும் உண்டாக்க முடியாது என்பதற்கு இது சாட்சி.

ஆயினும், நியாயம் இருக்கிறது என்பதற்காக எல்லாவற்றையும் நாம் ஏற்றுக்கொள்ள முடியாது. திட்டத்தில் சேர்ந்து, வாசலில் பலகையும் மாட்டிவிட்டு, ஏழை வரும்போது மட்டும் படுக்கை இல்லை என்று சொல்லுவது நேர்மையன்று. கட்டணமில்லாச் சிகிச்சை என்று ஒப்புக்கொண்டபின் தனியாகப் பணம் கேட்பதும் நேர்மையன்று. ஏற்க முடியாதென்றால் முதல் நாளே தெளிவாகச் சொல்லி, ஏற்கும் இடத்திற்கு வழிகாட்டலாம். இருதய நோயாளிக்கு ஒரு வாரம் என்பது நமக்கு ஒரு வாரம் போன்றதன்று.

இந்த இடத்தில் நம்முடைய சொந்த வரலாற்றை நினைவுகூர வேண்டும். நெய்யூரில் 1838-ஆம் ஆண்டு லண்டன் மிஷன் மருத்துவப் பணியைத் தொடங்கியது. 1922-ஆம் ஆண்டு எவரெஸ்ட் சிகரத்தை நோக்கிச் சென்ற குழுவில் இருந்த அறுவை சிகிச்சை நிபுணர் தியோடர் ஹோவர்ட் சோமர்வெல், அதன்பின் நெய்யூருக்கு வந்தார். காத்திருந்த நோயாளிகளின் கூட்டத்தையும் மருத்துவர்களின் பற்றாக்குறையையும் கண்டு, இலண்டனில் காத்திருந்த எதிர்காலத்தை விட்டுவிட்டு இங்கேயே ஊழியம் செய்யத் தீர்மானித்தார். திண்டிவனத்தில், ஒரே இரவில் மூன்று இளம் பெண்கள் பிரசவ வேதனையில் மரித்ததைக் கண்ட ஐடா ஸ்கடர் அம்மையார், மருத்துவம் படித்துத் திரும்பி வந்து, 1900-இல் வேலூரில் ஒரே ஒரு படுக்கையோடு பணியைத் தொடங்கினார். அந்த மூன்று வீடுகளுக்கும் அருகிலேயே அவருடைய தகப்பனார் மருத்துவராக இருந்தார் என்பதைக் கவனியுங்கள். மருத்துவர் இருந்தார், ஆண் மருத்துவரை உள்ளே விடாத வழக்கம் கதவாக நின்றது. அன்று வழக்கம் மூடிய கதவை இன்று கட்டணம் மூடுகிறது. உள்ளே இருக்கிறவருக்கு இரண்டும் ஒன்றுதான்.

வசதியுள்ளவரிடம் பெற்று, இல்லாதவருக்குச் செலவிடுவது மிஷன் மருத்துவமனைகளின் பழைய ஒழுங்கு. ஆகவே, நம் திருமண்டலங்களின்கீழ் இயங்கும் மருத்துவமனைகள் எவையானாலும், இந்த அட்டையோடு வருகிறவர்களுக்கு முதலில் திறக்கும் கதவாக இருக்க வேண்டும் என்று நான் உறுதியாக நம்புகிறேன். தொகை குறைவு என்றால், அந்தக் குறைவை ஈடுசெய்ய நம் காணிக்கைகள் இருக்கின்றன. ஆலயக் கோபுரத்திற்கு வர்ணம் பூச நிதி திரட்டுகிற நாம், வர்ணம் பூசிய அந்தக் கைகளுக்கு ஒரு படுக்கையை ஏற்படுத்த முடியாதா?

நம் சபையில் மருத்துவர்களும் மருத்துவமனை நடத்துகிறவர்களும் இருக்கிறீர்கள். உங்களிடம் ஒன்று கேட்கிறேன். எல்லா நோயாளிகளையும் இந்தத் திட்டத்தில் ஏற்றுக்கொள்ளும்படி நான் கேட்கவில்லை. மாதத்தில் சில பேரையாவது, சில படுக்கைகளையாவது மனமுவந்து ஒதுக்குங்கள். தசமபாகம் பணத்தில் மட்டுமல்ல. தேர்ச்சியிலும் நேரத்திலும் செலுத்தப்படலாம்.

மற்ற சபையாருக்கும் நடைமுறையான சில காரியங்களைச் சொல்லுகிறேன்.

முதலாவது, வியாதி வருமுன் அட்டையை எடுத்துப் பாருங்கள். வீட்டுக்கு வந்த மருமகள், பிறந்த குழந்தை ஆகியோரின் பெயர்கள் குடும்ப அட்டையில் சேர்க்கப்பட்டிருக்கின்றனவா? அட்டை இல்லாதவர்கள், வருவாய்த்துறையினரிடம் வருமானச் சான்றிதழ் பெற்று, குடும்ப அட்டை, ஆதார் அட்டை ஆகியவற்றோடு மாவட்ட ஆட்சியர் அலுவலகத்திலுள்ள காப்பீட்டுத் திட்ட மையத்தில் பதிவு செய்யுங்கள். அவசர நாளில் இந்த அலைச்சல் தாங்க முடியாததாய் இருக்கும்.

இரண்டாவது, மருத்துவமனைக்குப் புறப்படுமுன் தொலைபேசியில் கேளுங்கள். "உங்கள் மருத்துவமனை திட்டத்தில் இருக்கிறதா?" என்று மட்டும் கேட்டால் போதாது. "இந்த நோய்க்கு, இந்தச் சிகிச்சைக்குத் திட்டத்தில் அனுமதி பெற்றிருக்கிறீர்களா?" என்று கேளுங்கள். ஒவ்வொரு மருத்துவமனையும் குறிப்பிட்ட சிகிச்சைப் பிரிவுகளுக்கே அங்கீகாரம் பெற்றிருக்கும். அடுத்து, திட்டத்தைக் கவனிக்கும் தொடர்பு அலுவலர் யார், எந்த ஆவணங்கள் வேண்டும், கையிலிருந்து ஏதாவது கட்ட வேண்டுமா என்று கேட்டு, பதிலை ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். எந்த மருத்துவமனை எந்தச் சிகிச்சையை ஏற்கிறது என்பதைத் திட்டத்தின் கட்டணமில்லாத் தொலைபேசி எண்ணான 1800 425 3993-இலும் விசாரிக்கலாம்.

மூன்றாவது, அரசு மருத்துவமனையைக் கடைசி இடமாக எண்ணாதீர்கள். அங்கேயும் இதே திட்டம் உண்டு. அந்த அட்டையின்மூலம் வரும் தொகை அந்த மருத்துவமனையின் வசதிகளுக்கே திரும்பிச் செல்லுகிறது. வெளியே இருக்கும் நீண்ட வரிசையைப் பார்த்துப் பயந்து திரும்பிவிடுகிறோம். உள்ளே இருக்கும் கைதேர்ந்த மருத்துவர்களை அறியாமல் போய்விடுகிறோம். நம் சகோதரரும் 47 நாட்கள் சுற்றியபின்தான் அங்கே போனார். முதல் நாளே போயிருக்கலாம்.

நான்காவது, அட்டையால் முடியாததையும் அறிந்திருங்கள். இது பெரும்பாலும் மருத்துவமனையில் சேர்ந்து பெறும் சிகிச்சைக்கே உதவும். காய்ச்சலுக்கும், மாதந்தோறும் வாங்கும் சர்க்கரை, இரத்த அழுத்த மாத்திரைகளுக்கும் ஆரம்ப சுகாதார நிலையத்தை நாடுங்கள். நடக்க இயலாத முதியோருக்கு, 2021-இல் தொடங்கப்பட்ட மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தின்கீழ் வீட்டுக்கே மாத்திரை வருகிறது. சாலை விபத்தில் காயமடைந்தால், அட்டை இருந்தாலும் இல்லாவிட்டாலும், முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்கு இன்னுயிர் காப்போம் திட்டம் இருக்கிறது.

ஐந்தாவது, தனியாகப் பணம் கேட்டால், சண்டையிடாதீர்கள், வாய்மூடியும் இராதீர்கள். எதற்காகக் கேட்கிறார்கள் என்று பணிவாக விசாரியுங்கள். பணம் கட்டினால் இரசீது வாங்குங்கள். மேலே சொன்ன எண்ணில் முறையிடுங்கள். தீராவிட்டால், ஆட்சியர் அலுவலகத்தில் திங்கட்கிழமை நடைபெறும் மக்கள் குறைதீர்க்கும் நாளில் மனுக் கொடுங்கள். உரிமையைக் கேட்பது ஆவிக்குரிய வாழ்க்கைக்கு இழுக்கு என்று சிலர் எண்ணுகிறார்கள். அநீதியுள்ள நியாயாதிபதியின் வாசலை விடாமல் தட்டிய விதவையை நம் ஆண்டவர் கடிந்துகொள்ளவில்லை. ஜெபத்துக்கே அவளை மாதிரியாகக் காட்டினார்.

இவை எல்லாவற்றையும் வாசித்துவிட்டு, "எழுதப் படிக்கத் தெரியாதவர் இதையெல்லாம் எப்படிச் செய்வார்?" என்று நீங்கள் கேட்கலாம். அந்தக் கேள்விதான் என்னையும் தூங்கவிடவில்லை. ஆகவே மூப்பர்களோடு பேசி ஒரு முடிவெடுத்திருக்கிறோம். ஒவ்வொரு மாதமும் முதல் ஞாயிறு ஆராதனைக்குப்பின், ஆலயத்தின் பக்க வாசலருகே ஒரு மேசை போடப்படும். வாலிபர் சங்கத்தினர் அட்டைகளைச் சரிபார்த்து, விண்ணப்பங்களை நிரப்பித் தருவார்கள். நம் சபையிலுள்ள செவிலியர் இருவர் வழிகாட்டச் சம்மதித்திருக்கிறார்கள். எந்த மருத்துவமனை எந்தச் சிகிச்சைக்கு உண்மையாகவே கதவைத் திறக்கிறது என்பதை, போய்வந்தவர்களிடம் கேட்டு ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதி வைப்போம். மருத்துவமனைக்குப் போகிறவர் எவரும் தனியே போகாதபடி, கூடப் போக முன்வருகிறவர்களின் பட்டியல் ஒன்றும் இருக்கும். அந்தப் பட்டியலில் முதல் பெயர் என்னுடையது. இந்த உதவி நம் சபையாருக்கு மட்டுமல்ல. தெருவில் யார் கேட்டாலும் செய்வோம். அடிபட்டுக் கிடந்தவன் எந்த மார்க்கத்தான் என்று சமாரியன் விசாரிக்கவில்லை.

இதனால் எல்லாக் கதவுகளும் திறந்துவிடும் என்று நான் சொல்லத் துணியமாட்டேன். கூடப் போன பிறகும் சில இடங்களில் இல்லை என்ற பதிலே வரும். ஆனால் அந்தப் பதிலை ஒரு பெண் தனியாக நின்று கேட்பதற்கும், அருகில் ஒருவர் நின்று, "சரி அம்மா, அடுத்த இடத்துக்குப் போவோம்" என்று சொல்லுவதற்கும் எவ்வளவோ வித்தியாசம் உண்டு.

இந்த வாரம் உங்களிடம் நான் கேட்பது சிறிய காரியம். இன்று மாலைக் குடும்ப ஜெபம் முடிந்தவுடன், பீரோவைத் திறந்து அந்த அட்டையை எடுத்துப் பாருங்கள். பிறகு, உங்கள் தெருவில் தனியே வாழும் ஒரு முதியவரை, ஒரு விதவையை நினைத்துக்கொள்ளுங்கள். அவர்களிடம் போய், "உங்களுக்குக் கார்டு இருக்கிறதா? ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டுமானால் என்னிடம் சொல்லுங்கள், நான் கூட வருகிறேன்" என்று சொல்லுங்கள்.

கேட்க ஆளில்லை என்ற சொல் இனி நம் சபையின் எல்லைக்குள் கேட்கப்படாதிருப்பதாக. வியாதிப்படுக்கையில் இருக்கும் யாவரையும் கர்த்தர் தாங்குவாராக. கதவைத் திறக்கும் மருத்துவர்களையும், கூட நடந்து செல்லுகிறவர்களையும் அவர் ஆசீர்வதிப்பாராக. ஆமென்.